கடலுக்குப் போட்ட வரப்பு

காலையில் முதல் வார்த்தை பேசும்போது எனக்குக் குரல் கம்மித்தான் வரும். ஜலதோஷமெல்லாம் இல்லை. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு யாரோடும் பேசியிருக்க மாட்டேன், அவ்வளவுதான். பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்து வீட்டில் நான் தனியாள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்துக்கொண்டு தீபாவளிக்கு வந்து போகிறான். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து நான் திரும்பி வந்து ஏழு வருஷமாகிறது. ஏன் வந்தாய் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டுமே.

முன்பு கடலைக்காய் மூட்டை அடுக்கியிருந்த அறையில் மேசை போட்டு உட்கார்ந்து நான் செய்கிற வேலை, அரபிக் கடலைக் கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்துவது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கிழக்கே நாலு தோப்பு தாண்டினால் தமிழ்நாடு. மேற்கே கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸும் ரயிலுமாக அரை நாள் போக வேண்டும். ஆனால் கொச்சியில் இருக்கிற ஒரு சின்ன நிறுவனத்துக்கு என் வேலை பிடித்துப்போய்விட்டது. ஆழம், நீரோட்டம், உப்பின் அளவு, மீன் இறங்கும் துறைகள், எந்தக் கடப்புறத்துக்காரர்கள் எங்கே வலை போடுகிறார்கள் என்பது வரை, எல்லாவற்றையும் இடத்தோடு சேர்த்துப் பதிந்து வைக்கிற தரவுத்தளத்தை வடிவமைப்பது என் பொறுப்பு. கடற்கரைக் குடியிருப்பை அங்கே கடப்புறம் என்பார்கள்.

பால் சொசைட்டிக்காரர் ஒருநாள் கேனை வாங்கிக்கொண்டே கேட்டார்: “ஏனம்மணி, நீ கடலுக்கு வரப்புப் போடறயாமா? நெசமாலுமா?”

“ஆமாங்க. கடலுக்கும் கணக்குவழக்கு வேண்டாமுங்களா?” என்றேன்.

“என்ன கெரகமோ போ. தண்ணிக்குள்ள எங்க கல்லு நடுவ?” என்று சிரித்துக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அவ்வளவு போதும். மனுஷர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கடற்கரையில் தகவல் சேகரித்து எனக்கு அனுப்ப ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். திரூரிலிருந்து மேற்கே, கடலோரத்தில் ஒரு சின்னக் கடப்புறத்துப் பெண். அப்பாவை உப்பா, அம்மாவை உம்மா என்பாள். உப்பா வள்ளம் வைத்திருப்பவர். கல்லூரி முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தவளுக்கு இந்த வேலை கிடைத்திருந்தது. அவள் அனுப்பிய முதல் பட்டியலைப் படத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஒரு புள்ளியும் கேரளத்துப் பக்கம் காணோம். தேடினால் எல்லாம் வடதுருவத்துக்குக் கிட்டே, பனிக்கடலில் வரிசையாக நிற்கின்றன. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கட்டம் மாற்றி நிரப்பியிருந்தாள்.

போன் போட்டுப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். “உங்க உப்பா வள்ளம் ஐஸ்ல போற வள்ளமா?” என்று கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பேசியது கடற்கரை மலையாளம். நான் பேசியது எங்கள் கிழக்கத்தி மலையாளம், பாதி தமிழ். அவள் சொன்னதை நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

“சேச்சி, அங்க மீன் நெறைய கிடைக்குமாம். நாளைக்கே உப்பாவை அனுப்பறேன்” என்றாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தேன். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது என்று போனை வைத்த பிறகு தோன்றியது.

மறுநாள் பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். கட்டம் சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். அப்படியே பழக்கமாகிவிட்டது. முதலில் வேலை, பிறகு என்ன குழம்பு, பிறகு அவள் உம்மாவின் மூட்டுவலி, என் மாடு சினையாகாத கவலை. அவள் பேசும்போது பின்னால் காகம் கத்தும், யாராவது வள்ளம் தள்ளுகிற சத்தம் கேட்கும். என் பக்கத்திலிருந்து அவளுக்கு என்ன கேட்டதோ தெரியாது. தென்னை மட்டை விழுகிற சத்தம் கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட மாட்டாள். அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காமல் போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு வருஷத்துக்கு மேல் என் நாளில் மனுஷக் குரல் என்றால் அது அவள் குரல்தான்.

சர்வர், விதி, அடுக்கு என்று நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வாள். பதிலுக்குக் கடலைப் பற்றிச் சொல்வாள். மழைக்காலத்தில் கரையோரம் ஒரு இடத்தில் சேறு கலங்கி, அலை அடங்கி, மீன் குவியும். அதற்குச் சாகரை என்று பெயர். இந்த வருஷம் இந்தக் கரைக்கு முன்னால் வரும், அடுத்த வருஷம் இன்னொரு கரைக்கு முன்னால் வரும். யார் கரைக்கு வந்தாலும் மற்றக் கரைக்காரர்களும் வள்ளத்தோடு வருவார்கள், யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள் என்றாள். “அது எப்படி? சண்டை வராதா?” என்று கேட்டேன். “வரும் சேச்சி. சண்டை போட்டுக்கிட்டே சேர்ந்து பிடிப்பாங்க” என்றாள். நான் உம் கொட்டினேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மண்டையில் ஏறாததற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கிணறு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது பத்திரத்தில் ‘கிணறு பொது’ என்று எழுதினார்கள். ஆளுக்கு ஒரு நாள் மோட்டார் முறை. பிறகு சர்வேயர் வந்து அளந்து வரைபடம் போட்டார். ஒரே இடம் ரெண்டு பேர் சர்வே நம்பரில் வரக் கூடாது என்று கிணற்றைத் தூக்கிச் சித்தப்பா நம்பருக்குள் போட்டுவிட்டுப் போனார். டேப்பின் ஒரு நுனியை அன்றைக்குப் பிடித்திருந்தது நான்தான், பள்ளிக்கூடம் லீவு போட்டுவிட்டு. அப்பா எங்கள் தாலுகாவின் சித்தூர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, நடந்துகொண்டிருக்கும்போதே செத்தும் போனார். சித்தப்பா வீடு இன்றைக்கும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. கூப்பிட்டுக்கொள்வதில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே புத்தி. கோடு தெளிவாக இருக்க வேண்டும், ஒரு இடம் ஒருத்தருக்குத்தான், ரெண்டு பேர் பெயர் ஒரே இடத்தில் ஏறினால் அங்கே பிணம் விழும். கடல் தரவுத்தளத்தில் மீன்பிடிப் பகுதிகளுக்கான அடுக்கை வடிவமைத்தபோது நான் அதையே விதியாக எழுதினேன். ஒரு பகுதி இன்னொன்றின்மேல் ஏறக் கூடாது. ஏறினால், ஏறிய துண்டை ரெண்டில் எது பெரியதோ அதோடு சேர்த்துவிடு. ஒவ்வொரு முறை தகவல் ஏற்றும்போதும் அது தானாக நடந்துவிடும். கொச்சியில் இருந்த திட்டத் தலைவர், “படம் எவ்வளவு சுத்தமா இருக்கு!” என்று பாராட்டினார். நான் ரெண்டு நாள் அந்தப் பாராட்டிலேயே மிதந்தேன்.

படம் சுத்தமாகத்தான் இருந்தது. அதை அச்சடித்துக் கடலோரப் பஞ்சாயத்து ஹாலில் மாட்டினார்கள். கடலுக்குள் சிமெண்டுக் கட்டைகளை இறக்கி மீன் அடையச் செயற்கைப் பார், பாறைத் திட்டு மாதிரி, அமைக்கப் போகிறார்கள். பார் அமைகிற இடம் எந்தெந்தக் கடப்புறத்துப் பகுதியில் வருகிறதோ அவர்களுக்கு மட்டும்தான் கமிட்டியில் இடம். எங்கே இறக்குவது, யார் எப்போது பிடிப்பது எல்லாவற்றையும் அந்தக் கமிட்டிதான் முடிவு செய்யும். அவளுடைய கடப்புறம் எல்லாவற்றிலும் சின்னது, பத்துப் பன்னிரண்டு வள்ளம்தான் இருக்கும். படத்தில் அவர்களுடைய பகுதி கரையை ஒட்டி ஒரு நகத்துண்டு அளவுக்கு நின்றது. காலங்காலமாக வலை போட்ட இடமெல்லாம் பக்கத்துக் கடப்புறத்தின் பெயரில் இருந்தது.

அன்றைக்குப் பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

“சேச்சி, எங்க இடம் எங்க? நான் அனுப்பினது எங்க போச்சு? ஹால்ல எல்லார் முன்னாடியும் என்னைக் கேக்கறாங்க. ‘போனைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வந்து கேட்டயே, எங்க கடலை யாருக்கு எழுதிக் குடுத்தே’ன்னு கேக்கறாங்க. உப்பா தலை குனிஞ்சு எந்திரிச்சு வந்துட்டாரு.”

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘இரு, பார்க்கிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ரெண்டு வார்த்தை என் வாயில் வரவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. என் படத்தில் தப்பா?

“நீ வரைஞ்சது தப்பா இருக்கும். முதல் நாளே கட்டம் மாத்தி அனுப்பினவதானே நீ” என்றேன்.

காகம் மட்டும் கத்தியது. பிறகு அவள், “சரி சேச்சி” என்று வைத்துவிட்டாள்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. பஞ்சாயத்திலிருந்து புகார் வந்திருக்கிறது, என்ன விஷயம் என்று கொச்சியிலிருந்து திட்டத் தலைவர் கேட்டு எழுதியிருந்தார். களத்திலிருந்து வந்த தகவலில் பிழைகள் இருக்கின்றன, சேகரித்தவருக்குப் பயிற்சி போதாது, திரும்ப எடுக்க வேண்டும் என்று நாலு வரி பதில் தட்டி அனுப்பினேன். ஒரு தடவை கூடச் சரிபார்க்கவில்லை. அனுப்பிவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினேன்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோபம் தணியட்டும் என்று நானும் விட்டேன். நாலாம் நாள் நானே கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. எங்கள் பக்கம் போன் ஒரு நேரம் கேரளத்து டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். அதனால்தான் என்று சொல்லிக்கொண்டு தோப்பு முழுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். போன் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் நான் பேசிய மொத்த வார்த்தை பால்காரரிடம் பேசியதும் மாட்டைத் திட்டியதும்தான்.

அப்புறம்தான், வேறு வேலை ஓடாமல், அவள் அனுப்பிய பழைய கோப்புகளைத் திறந்தேன். அவள் தப்பை எடுத்துக் காட்டி என் மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவள் வரைந்த கோட்டையும் அச்சடித்த படத்தில் இருந்த கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அவள் வரைந்தது கச்சிதமாக இருந்தது. உப்பாவின் வள்ளம் போன தடங்களை வைத்து, மூன்று கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு, திருத்தித் திருத்தி வரைந்திருந்தாள். குறிப்புக் கட்டத்தில், ‘இது எங்களுக்கும் பக்கத்துக் கரைக்கும் பொது’ என்று எழுதியும் இருந்தாள். அந்தக் கட்டத்தை நான் படித்ததே இல்லை. பக்கத்துக் கடப்புறம் பெரியது. ரெண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. என் விதி ராத்திரியும் பகலும் உட்கார்ந்து, சின்னதிலிருந்து வெட்டி வெட்டிப் பெரியதோடு சேர்த்திருக்கிறது.

அடக் கண்றாவியே என்று வாய்விட்டுச் சொன்னேன். ‘பொது’ என்று எழுதிக் கொடுத்ததை ஒருத்தன் பேருக்குப் போட்டுவிட்டுப் போன அந்தச் சர்வேயரை அப்பா சாகும்வரை திட்டினார். நானும் திட்டியிருக்கிறேன், எழுத முடியாத வார்த்தையெல்லாம் சொல்லி. அதே காரியத்தை நான் இந்த அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே செய்திருக்கிறேன். கேட்க வந்த பெண்ணையும் திட்டி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கே விதியை எடுத்தேன். எடுத்தால் மட்டும் போதாது, அடுக்கையே மாற்றி வடிவமைக்க வேண்டும். கடல் பரப்பு தனி அட்டவணை, கடப்புறங்கள் தனி அட்டவணை, நடுவில் ரெண்டையும் சேர்க்க இன்னொன்று. ஒரே இடத்துக்கு எத்தனை கடப்புறம் வேண்டுமானாலும் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், எந்தப் பருவத்தில் யார் என்றும் எழுதலாம். மூன்று நாளில் முடித்தேன். படம் இப்போது சுத்தமாக இல்லை. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பார்க்கவே தலை சுற்றும். ஆனால் சரியாக இருந்தது.

தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நல்லவர்தான், கத்தவில்லை. “புதுப் படத்தை அனுப்பிடலாம். அவங்க கடப்புறத்துக்கும் கமிட்டியில இடம் வந்துடும். ஆனா காரணம் எல்லாம் எழுத வேண்டாம். ரெண்டாம் பதிப்புன்னு போட்டா போதும். நம்ம தரவுத்தளமே தப்புன்னு பேர் வந்தா மத்த பஞ்சாயத்தும் கேக்க ஆரம்பிச்சிடும்” என்றார்.

“அப்ப அந்தப் பொண்ணு தப்பா வரைஞ்சுதுன்னு நான் எழுதினது?”

“அதை யாரு ஞாபகம் வெச்சுக்கப் போறாங்க? அதைப் பஞ்சாயத்துக்கு அனுப்பினேன், அவ்வளவுதான்.”

அது அவருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன்.

புதுப் படம் போய்ச் சேர்ந்தது, அந்தக் கடப்புறத்தைக் கமிட்டியில் சேர்த்தார்கள். அதோடு விட்டிருந்தால் என் வேலைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் பத்து மணி ஆனால் என்னால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கிணற்றுப் பக்கம் நிற்பேன், சித்தப்பா வீட்டில் யாராவது பார்த்தால் உள்ளே வந்துவிடுவேன். அவள் எடுக்க மாட்டாள் என்று தெரிந்தும் ரெண்டு தடவை கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி தட்டினேன், படித்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் தப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியாது. நேரில் போய் நின்றால் தானாக வரும் என்று கிளம்பினேன்.

அன்றைக்கு வேலந்தாவளம் சந்தை. பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. மாட்டு வியாபாரிகள் ரெண்டு பேர் என் தலைக்கு மேல் ஒரு எருமையைப் பற்றிப் பாலக்காடு வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். ரயிலில் ஷொரனூர் தாண்டி, திரூரில் இறங்கி, திரும்பவும் பஸ். கடற்கரை நிறுத்தத்தில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடலைப் பார்த்தேன். ரெண்டு வருஷமாக எண்ணாகவும் கோடாகவும் நான் பார்த்த அதே இடம். அடையாளம் ஒன்றும் தெரியவில்லை.

வலை பின்னுகிற கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகைத் தூணில் ஒரு பலகை. அதில் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. கிட்டே போனேன். நான் தட்டிய நாலு வரி. யாரோ பஞ்சாயத்திலிருந்து வாங்கி, மலையாளத்தில் மாற்றி, அச்செடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ‘பயிற்சி போதாது’ என்ற இடத்தில் பேனாவால் அடிக்கோடு.

அவள் கொட்டகைக்கு வெளியே ஒரு வள்ளத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒருவருக்கொருவர் முகம் பார்த்தது அன்றைக்குத்தான். போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம். என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துகொண்டாள், அங்கேயே நின்றாள்.

நான் உள்ளே போய் யார் என்று சொன்னேன். என் கிழக்கத்தி மலையாளத்தைக் கேட்டு ரெண்டு பேர் சிரித்தார்கள். “அந்தப் படத்தில் தப்பு செஞ்சது நான். நான் எழுதின விதி உங்க இடத்தை வெட்டிடுச்சு. இந்தப் பொண்ணு வரைஞ்சது அத்தனையும் சரி. அவ மேல பழி போட்டதும் நான்தான். நான் சரிபார்க்கல” என்றேன். கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

பெரிய மௌனம் விழும் என்று நினைத்தேன். ஒருத்தர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இப்ப நம்ம இடம் இருக்கா? காட்டு” என்றார். லேப்டாப்பைத் திறந்தேன். வெயில் வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒருத்தர் தோளிலிருந்த துண்டை எடுத்து என் தலைக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்துப் போர்த்தினார். மீன் வாடை குப்பென்று அடித்தது. ஒவ்வொருத்தராகத் துண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். “இது சரி.” “இது இன்னும் தெக்கே வரணும்.” “போடா, அங்க பாறை.” சாகரை வந்த இடங்கள் மட்டும் படத்தில் பாக்கி இருந்தன. அவர்கள் சொல்லச் சொல்ல அங்கேயே உட்கார்ந்து வருஷவாரியாகப் பதிந்தேன். கடைசி வரியும் ஏறி முடிந்தது.

அவளுடைய உப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு பாலில்லாத கட்டஞ்சாயாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தூணைக் காட்டினார்.

“அது காகிதமா ஒட்டியிருக்கு. நீ இப்ப வாயால சொன்ன. இதுவும் காகிதமா ஒட்டணும்” என்றார்.

நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். மலையாளம் படிப்பேன், எழுதினால் ரெண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி இருக்கும். ஒரு நோட்டுத்தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். முட்டிமேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, வியர்க்க வியர்க்க எழுதினேன். அவள் உள்ளே வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். நான் ரெண்டு தடவை தடுமாறி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரு எழுத்துக்குக்கூட உதவவில்லை. உதவாதது நியாயம்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உப்பா பழைய காகிதத்தை உரித்துப் போட்டுவிட்டு, அந்த இடத்திலேயே இதை ஒட்டினார். என் கோணல் எழுத்தைச் சிலர் சத்தம் போட்டுப் படித்தார்கள். அவள் பெயர் வந்த இடத்தில் அவள் வெளியே திரும்பிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாள். மணலில் என் செருப்பு புதைந்து புதைந்து வந்தது. கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்துக்கொண்டேன். போனில் மூச்சு விடாமல் பேசுகிற ரெண்டு பேர், பக்கத்தில் நடக்கும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் போனோம்.

“உம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“அப்படியேதான் இருக்கு.”

திரும்பவும் நடந்தோம். பிறகு அவளே நின்று சொன்னாள்:

“சேச்சி, நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். இனிமே என்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அன்னைக்கு நான் வேற யாரையும் கூப்பிடல. ஹால்ல அத்தனை பேரும் கத்தறப்ப வெளிய ஓடி வந்து உங்களைத்தான் கூப்பிட்டேன். சேச்சி இருக்காங்க, அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“தெரியல கண்ணு. எனக்கு ஒண்ணுந் தெரியல” என்றேன். அழுகையாக வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். உடனே விட்டும்விட்டாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அந்த அவசரத்தில், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“நாளைக்குக் கூப்பிடுவியா?”

செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் என் காலைக் காட்டினாள். நான் குனிந்து போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். பஸ் வந்து நின்றது.

“வேலை ஏதாவது இருந்தா கண்டிப்பாக் கூப்பிடறேன் சேச்சி” என்றாள்.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் கையசைத்தாள், நானும் அசைத்தேன். அவள் கடப்புறத்திலிருந்து எனக்கு வர வேண்டிய தகவலெல்லாம் அன்றைக்குக் கொட்டகையிலேயே பதிந்து முடிந்துவிட்டது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.